பிராக்சி பதிவில் ‘டினைடு’ என்று இருந்தாலே குற்றமாகிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் உறவினர் வீட்டுப் பிள்ளை ஒருவர் படிக்கும் கல்லூரியில், கணினி ஆய்வகத்தின் இணையக் கட்டுப்பாட்டை நூற்றுக்கணக்கான முறை மீற முயன்றார் என்று சொல்லி அவருடைய பெற்றோரை வரவழைத்து விளக்கம் கேட்டிருக்கிறார்கள். ஆதாரமாகக் கொடுத்த தாள்களைப் பல ஆண்டுகள் பிராக்சி சர்வர்களை, அதாவது கணினிகளுக்கும் இணையத்துக்கும் நடுவில் நின்று கோரிக்கைகளை வாங்கி அனுப்பும் சர்வர்களை, பராமரித்தவன் என்ற முறையில் நான் வாங்கிப் பார்த்தேன். அவை ஸ்க்விட் என்ற பிராக்சி மென்பொருளின் பதிவுக் கோப்பிலிருந்து அச்சிடப்பட்டவை. ஏறக்குறைய எல்லா வரிகளிலும் ‘டிசிபி_டினைடு/407’ என்றே இருந்தது. ‘டினைடு’ என்றால் ‘மறுக்கப்பட்டது’ என்று பொருள்.

இந்தக் குறியீட்டில் சாய்கோட்டுக்கு இடப்புறம் இருப்பது, வந்த கோரிக்கையை ஸ்க்விட் எப்படிக் கையாண்டது என்பதற்கு அதுவே இட்டுக்கொள்ளும் பெயர். வலப்புறம் இருப்பது பிரவுசருக்கு அனுப்பப்பட்ட எச்.டி.டி.பி. நிலை எண், அதாவது கோரிக்கை என்னவாயிற்று என்பதைச் சொல்லும் எண். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் பொருள் விளங்கும். விதிகளின்படி ஒரு தளம் தடுக்கப்பட்டிருந்தால் வழக்கமாக 403 என்ற எண் வரும். 407 என்பதோ ‘நீங்கள் யார் என்று முதலில் சொல்லுங்கள்’ என்று பிராக்சி கேட்பது மட்டுமே. பிரவுசர் முதல் கோரிக்கையைப் பெயரும் கடவுச்சொல்லும் இல்லாமல்தான் அனுப்பும். 407 கிடைத்த பிறகு அவற்றைச் சேர்த்து மீண்டும் அனுப்பும். விண்டோஸ் கணக்கைக் கொண்டே அடையாளம் காணும் என்.டி.எல்.எம். முறை இருக்கும் இடங்களில், ஒவ்வொரு புதிய இணைப்புக்கும் இரண்டு 407 வரிகள் பதிவான பிறகே அனுமதி கிடைக்கும். ஒரே பக்கத்தைத் திறக்கப் பிரவுசர் பல இணைப்புகளை ஏற்படுத்துவதால், எந்தத் தவறும் செய்யாத ஒருவர் பெயரில் ஒரே காலைப் பொழுதில் இத்தகைய வரிகள் நூற்றுக்கணக்கில் சேர்வது இயல்பு.

அந்தத் தாள்களில் பெரும்பாலும் ‘டினைடு’ என்ற சொல் உள்ள வரிகளே தேடி எடுக்கப்பட்டிருந்தன. அவற்றைத் தொடர்ந்து, அதே முகவரிக்கு 200 என்று அனுமதி தந்திருக்க வேண்டிய வரிகள் விடுபட்டுவிட்டன. பயனர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சிறுகோடுதான் இருந்தது. அந்தக் கட்டத்தில் பிராக்சிக்கே ஆள் யாரென்று தெரியாது. வலையமைப்பில் கணினியைக் குறிக்கும் எண்ணான ஐ.பி. முகவரியை வைத்து இந்த மாணவர்தான் என்று முடிவு செய்திருக்கிறார்கள். ஆய்வகக் கணினியின் முன் நாளெல்லாம் ஒருவர் மட்டுமா உட்காருகிறார்?

நேரத்தைப் படித்த விதமும் என்னை வருத்தியது. தகவலை மறையாக்கி அனுப்பும் எச்.டி.டி.பி.எஸ். தளங்களுக்கான ‘டிசிபி_டனல்/200’ வரி, இணைப்பு மூடப்படும்போதுதான் எழுதப்படும். அதில் கால அளவு 5400000 என்று இருந்தால், அது மில்லி வினாடியில் சொல்லப்பட்ட ஒன்றரை மணி நேரம். இணைப்பு அவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதே அதன் பொருள். மாணவர் அந்தத் தளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று அதிலிருந்து சொல்லிவிட முடியாது. வரியின் தொடக்கத்தில் உள்ள நீண்ட எண், 1970 ஜனவரி 1 முதல் உலகப் பொது நேரப்படி எண்ணப்படும் வினாடிகளைக் குறிப்பது. 1700000000 என்ற எண் உலகப் பொது நேரப்படி 2023 நவம்பர் 14 இரவு 10.13, இந்திய நேரப்படியோ நவம்பர் 15 அதிகாலை 3.43. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட மறந்தால் மாலையில் நடந்தது வகுப்பு நேரத்தில் நடந்ததாகிவிடும்.

‘ஹிட்’, ‘மிஸ்’ போன்ற மற்றக் குறியீடுகள், சேமித்து வைத்த நகலிலிருந்து பக்கம் வந்ததா, மூலச் சர்வரிலிருந்து வந்ததா என்பதையே சொல்கின்றன. மாணவரின் நடத்தைக்கும் அவற்றுக்கும் தொடர்பே இல்லை.

ஒருவரிடம் விளக்கம் கேட்பதற்கு முன், வடிகட்டாத முழுப் பதிவையும் இந்தக் குறியீடுகளை அறிந்த ஒருவர் படித்துப் பார்க்க வேண்டும் என்றும், அந்தப் பதிவின் நகலைச் சம்பந்தப்பட்டவருக்கும் கொடுக்க வேண்டும் என்றும் கல்வி நிறுவனங்களைக் கேட்டுக்கொள்கிறேன். 407 என்றால் என்னவென்று தெரியாத நிலையில் அந்தப் பிள்ளை எழுதிக் கொடுத்த மன்னிப்புக் கடிதம் இன்னும் கல்லூரிக் கோப்பில்தான் இருக்கிறது. அதைத் திருப்பித் தரும்படி பெற்றோர் எழுத்து மூலம் கேட்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணினிப் பராமரிப்பாளர் ஒருவர்,
திருநெல்வேலி