பள்ளிக்கூடக் கடனும் வீட்டு வரியும்: டெக்சாஸிலிருந்து சித்தப்பாவுக்கு

பிளேனோ, டெக்சாஸ்
டிசம்பர் 2025

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம். சித்திக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறதா என்று எழுதுங்கள்.

போனில் நீங்கள் கேட்ட கேள்விக்கு அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. "சம்பளத்துக்கு மாநில வரி கிடையாது என்கிறாய், அப்புறம் வீட்டுக்கு ஏன் வருஷத்துக்கு ஏழாயிரம் டாலர்? பள்ளிக்கூடம் கட்ட ஊரே ஓட்டுப் போடுமா?" என்று கேட்டீர்கள். நகராட்சியில் பில் கலெக்டராக இருந்தவரிடம் பூசி மெழுக முடியாது. கணக்கோடே எழுதுகிறேன்.

டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை. அதனால் பள்ளிகளின் பாரம் வீடு, நிலம், கடைகளின் மேல்தான் விழுகிறது. சொத்துவரி பில்லில் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி), நகரம், சமுதாயக் கல்லூரி, பள்ளி மாவட்டம் என்று நாலைந்து வரிகள் இருக்கும். பெரும் பங்கு பள்ளிக்கே. இந்தப் பள்ளி மாவட்டம் நகராட்சிக்குக் கட்டுப்பட்டதல்ல. மக்கள் தேர்ந்தெடுக்கும் ஏழு பேர் கொண்ட தனி வாரியம். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. எல்லையும் நகர எல்லையோடு ஒத்துப்போகாது. பிளேனோ முகவரியில் இருக்கும் சில வீடுகள் ஃபிரிஸ்கோ பள்ளி மாவட்டத்தில் வரும். வீடு பார்க்கிறவர்கள் சமையலறையைப் பார்ப்பதற்கு முன்னால் இதைத்தான் விசாரிக்கிறார்கள்.

பள்ளி வரிக்குள் இரண்டு பைகள் உண்டு. இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. முதல் பை நடப்புச் செலவுக்கு: ஆசிரியர் சம்பளம், மின்சாரம், பேருந்துக்கு டீசல். இரண்டாவது பை கடனுக்கு: வாக்காளர் அனுமதித்த கடன் பத்திரங்களின் அசலும் வட்டியும். பத்திரம் விற்று வந்த பணத்தில் கட்டடம், கூரை, ஏசி, பேருந்து, கணினி வாங்கலாம். சம்பளத்துக்கு ஒரு காசு எடுக்க முடியாது. "டீச்சருக்குச் சம்பளம் ஏற்றக் காசில்லை, ஆனால் புதுக் கட்டடம் மட்டும் எழும்புகிறது" என்று இங்கே பலரும் பொருமுவார்கள். இரண்டும் வேறு வேறு பை என்று எத்தனை கூட்டத்தில் சொன்னாலும் அடுத்த கூட்டத்தில் அதே கேள்விதான் வரும்.

இதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. முதல் பையில் மாநிலத்தின் கை உண்டு. வீட்டு மதிப்பு ஏறி உள்ளூர் வசூல் கூடினால், மாநிலம் தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும். சொத்து மதிப்பு மிகுந்த மாவட்டங்களிலிருந்து பணத்தையே திரும்ப வாங்கும். ஏழை மாவட்டப் பிள்ளைகளுக்கு நியாயம் இல்லை என்று 1989-ல் மாநில உச்ச நீதிமன்றம் எட்ஜ்வுட் வழக்கில் சொன்னது. அதன் விளைவாக 1993-ல் வந்த ஏற்பாடு இது. பணக்காரரிடம் பிடுங்கி ஏழைக்குக் கொடுத்த கதைநாயகன் 'ராபின் ஹூட்' பெயரைத்தான் மக்கள் இதற்கு வைத்தார்கள். பிளேனோ நெடுநாளாகக் கொடுக்கிற மாவட்டம். ஆனால் இரண்டாவது பையை மாநிலம் தொடுவதில்லை. வசூலித்தது முழுக்க ஊரிலேயே நிற்கும். அதனால் சட்டம் அனுமதிக்கிற எதையும் கடன் பைக்குத் தள்ளிவிடத்தான் எந்த நிர்வாகியும் பார்ப்பார். மடிக்கணினி வாங்கக்கூட, மக்கள் ஓட்டுக்கு விடும் கடன் தீர்மானம் வருவது இதனால்தான். ஊதாரித்தனம் என்று சொல்லிவிட முடியாது. விதி அப்படித் தள்ளுகிறது.

இப்போது கணக்கு. விகிதம் 100 டாலர் மதிப்புக்கு இத்தனை என்று சொல்வார்கள். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்குப் பள்ளி வரியில் 1,40,000 டாலர் கழிவு உண்டு. 2023 நவம்பரில் மக்கள் ஓட்டில் அது 1,00,000 ஆனது. போன மாதம்தான் இன்னொரு ஓட்டில் 1,40,000 ஆக்கினார்கள். சந்தை மதிப்பு 5,00,000 என்றால் வரிக்கு உட்பட்டது 3,60,000. உதாரணமாக நடப்புச் செலவு விகிதம் 0.75, கடன் விகிதம் 0.35 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதற்கு 2,700, இரண்டாவதற்கு 1,260, ஆக 3,960 டாலர். புதுக் கடனுக்காக விகிதம் 2 சென்ட் ஏறினால் வருஷத்துக்கு 72 டாலர் கூடும். "மாதம் ஒரு காபிச் செலவுதானே" என்று ஆதரவாளர்கள் சொல்வது இந்த 72 டாலரை வைத்துத்தான்.

பெரும்பாலான மாவட்டங்கள் அந்த 2 சென்ட்கூட ஏற்றமாட்டோம் என்பார்கள். "விகிதம் ஏறாது" என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். அது பொய் இல்லை. பழைய கடன் தீர்ந்துகொண்டே வரும். புது வீடுகள் வரிப் பட்டியலில் சேரும். இருக்கிற வீடுகளின் மதிப்பும் ஏறும். அதே விகிதத்தில் கூடுதல் பணம் வரும், அதில் புதுக் கடனை அடைப்பார்கள். ஆனால் பில்? மேலே சொன்ன வீட்டின் சந்தை மதிப்பு அடுத்த வருஷம் 5,60,000 ஆகிறது என்று வையுங்கள். குடியிருப்பு வீட்டுக்கு வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் வரி மதிப்பை ஏற்றக் கூடாது, எனவே 5,50,000. கழிவு போக 4,10,000. அதே 0.35 விகிதத்தில் கடன் வரி மட்டும் 1,435. விகிதம் அசையாமலே 175 டாலர் ஏறிவிட்டது. ஆதரவாளர் விகிதத்தைக் காட்டுவார், எதிர்ப்பாளர் பில்லைக் காட்டுவார், இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். புதுக் கடன் இல்லாவிட்டால் கடன் விகிதம் வருஷா வருஷம் எவ்வளவு இறங்கியிருக்கும் என்பதே சரியான கேள்வி. அந்த எண்ணை யாரும் தானாகக் கொண்டுவந்து கொடுப்பதில்லை. வாரியக் கூட்டத்தில் எழுந்து கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

2019-க்குப் பிறகு ஒவ்வொரு பள்ளிக் கடன் தீர்மானத்திலும், விகிதம் ஏறினாலும் ஏறாவிட்டாலும், 'இது சொத்துவரி உயர்வு' என்ற வாசகம் வாக்குச்சீட்டில் இருந்தாக வேண்டும். பள்ளி நிர்வாகிகளுக்கு இதில் பெரிய மனக்கசப்பு. அதே ஆண்டில் வந்த இன்னொரு விதி உருப்படியானது: 1,000 இருக்கைக்கு மேற்பட்ட விளையாட்டரங்கம், நீச்சல் குளம், கலையரங்கம், ஆசிரியர் குடியிருப்பு, கணினிச் சாதனங்கள் ஒவ்வொன்றும் தனித் தீர்மானமாக வர வேண்டும். முன்பெல்லாம் வகுப்பறையோடு அரங்கத்தையும் ஒரே தீர்மானத்தில் சேர்த்துவிடுவார்கள். பக்கத்து ஊர் ஆலனில் 2009-ல் மக்கள் அனுமதித்த 119 மில்லியன் டாலர் கடனில் 60 மில்லியனுக்கு 18,000 இருக்கைகள் கொண்ட ஃபுட்பால் அரங்கம் எழுந்தது. ஒரு உயர்நிலைப் பள்ளிக்கு! 2012-ல் திறந்தார்கள், 2014-ல் கான்கிரீட் விரிசல் என்று மூடினார்கள், பழுது பார்த்து 2015-ல் மறுபடி திறந்தார்கள். தீர்மானங்கள் பிரிந்த பிறகு ஆட்டம் மாறிவிட்டது. வடக்கே புராஸ்பரில் 2023 நவம்பரில் பள்ளிக் கட்டடங்களுக்கான பெரிய கடனை ஜெயிக்க வைத்த அதே வாக்காளர்கள், 94 மில்லியன் டாலர் அரங்கத்தைத் தோற்கடித்தார்கள்.

ஓட்டுக்கு முன் மாவட்டம் ஓர் அறிக்கை வெளியிட வேண்டும்: அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, இன்னும் தீராத பழைய கடன் எவ்வளவு, 1,00,000 டாலர் மதிப்புள்ள குடியிருப்பு வீட்டுக்கு வரி எவ்வளவு ஏறும் என்று. கடைசியாகச் சொன்ன கணக்கைப் பாருங்கள். இந்தப் பக்கத்தில் அந்த விலைக்கு வீடே கிடையாது. இருந்தாலும் 1,40,000 கழிவு போனால் பள்ளி வரி பூஜ்யம். எனவே அதை விட்டுவிட்டு வட்டி எவ்வளவு என்பதைப் படிக்க வேண்டும்.

அதைவிட முக்கியம், எத்தனை வருஷக் கடன் என்பது. கட்டடம் ஐம்பது வருஷம் நிற்கும், அதற்கு 25 வருஷக் கடன் நியாயம். மடிக்கணினி நாலைந்து வருஷத்தில் பழசாகிவிடும். அதற்கு வாங்கிய கடனும் அதற்குள் தீர வேண்டும். கறந்து முடித்து விற்ற மாட்டுக்கு இன்னும் தவணை கட்டுகிற கதை ஆகிவிடக் கூடாது. தள்ளிப்போடுகிற கடன் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு கலிஃபோர்னியாவின் பவே ஊரைச் சொல்வார்கள். 2011-ல் 105 மில்லியன் வாங்கினார்கள், இருபது வருஷம் ஒன்றும் கட்ட வேண்டாம் என்று. திருப்பிக் கட்ட வேண்டியது 100 கோடி டாலரை நெருங்குகிறது. டெக்சாஸ் இந்த வகைப் பத்திரங்களுக்கு 2015-ல் கடிவாளம் போட்டது.

யார் ஆதரவு, யார் எதிர்ப்பு என்று கேட்டால், நீங்கள் நினைக்கிற மாதிரி இளசுகள் ஒரு பக்கம் முதியவர்கள் ஒரு பக்கம் என்று பிரியாது. 65 வயதானவர் விண்ணப்பித்தால் அவர் வீட்டுப் பள்ளி வரி அந்த வருஷத் தொகையிலேயே உறைந்துவிடும். வீட்டில் புது அறை கட்டினால் ஒழிய ஏறாது. கடன் வந்தாலும் அவர் பில் ஏறாது. ஆதரவாளர்கள் முதியோர் கூட்டங்களுக்கு ஓடி ஓடிப் போய் இதைச் சொல்வார்கள். பாரம் உண்மையில் விழுவது நாற்பதிலிருந்து அறுபத்தைந்து வயதுக்காரர் மேலும், வாடகைக்கு இருப்பவர் மேலும். வாடகை வீட்டுக்கு உரிமையாளருக்கு இந்தக் கழிவு கிடையாது. அவர் அதை வாடகையில் ஏற்றிவிடுவார்.

பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்பது அடுத்த சண்டை. பிளேனோ 2024-ல் நான்கு பள்ளிகளை மூட முடிவு செய்தது. வீடுகள் விலை ஏறி, இளம் குடும்பங்கள் வடக்கே போய்விட்டன, மாணவர் எண்ணிக்கை சரிந்துவிட்டது. அரை மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கும் செலைனாவிலும் புராஸ்பரிலும் பள்ளி கட்டி மாளவில்லை. "மூடின பள்ளிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு நான் ஏன் கடனுக்கு ஓட்டுப் போடணும்?" என்பது சும்மா தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை. மூடாத பள்ளிகளின் கூரையும் ஏசியும் பழசாகிறது என்பது அதற்குப் பதில். இந்த ஊர் வெயிலில் ஏசி நின்றால் பள்ளி நின்றது.

நம்மவர்கள் நிறையப் பேருக்கு இதில் ஓட்டே இல்லை. குடியுரிமை பெற்றவருக்கு மட்டும்தான் வாக்கு. விசாவிலும் பச்சை அட்டையிலும் இருப்பவர்கள் வரி முழுக்கக் கட்டுவார்கள், வாரியக் கூட்டத்தில் பேசலாம், பேரைப் பதிவு செய்துகொண்டு மைக் முன்னால் நிற்கலாம். தவறிப்போய் வாக்காளர் பதிவுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் நாடு கடத்துகிற அளவுக்குப் போகும். ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போது அந்தக் கட்டத்தில் டிக் போட வேண்டாம் என்று புதிதாக வருகிறவர்களிடம் எல்லோரும் சொல்வது அதனால்தான்.

பில்லைக் குறைக்க ஓட்டைவிட நேரடியான வழி மதிப்பீட்டை எதிர்ப்பதுதான். ஜனவரி 1-ம் தேதி நிலவரப்படி மதிப்பிட்டு, ஏப்ரல் வாக்கில் நோட்டீஸ் வரும். மே 15 அல்லது நோட்டீஸ் வந்து 30 நாள், எது பிந்தியதோ அதற்குள் ஆட்சேபம் தர வேண்டும். டெக்சாஸில் விற்ற விலையை அரசிடம் சொல்லும் கட்டாயம் இல்லை. மதிப்பீட்டைவிடக் குறைந்த விலைக்கு வாங்கியிருந்தால் கிரயக் கணக்குத் தாளை எடுத்துப் போகலாம்; கூடுதலுக்கு வாங்கியிருந்தால் வாயைத் திறக்க வேண்டியதில்லை. அதே தெருவில் அதே அளவு வீடுகளின் மதிப்பு, விரிசலின் படம், பழுது பார்க்க ஆகும் செலவின் எஸ்டிமேட் இவைதான் எடுபடும். இங்கே மண் கரிசல். நம் கோவில்பட்டிப் பக்கம் போலவே மழையில் ஊதி வெயிலில் வெடிக்கும், அஸ்திவாரம் அசையும். விரிசலுக்குப் பஞ்சமில்லை. "வரி ஜாஸ்தி" என்று அழுதால் மட்டும் வேலைக்காகாது. ஆட்சேபத்தை விசாரிக்கும் குழுவுக்கு மதிப்பைத் தொடத்தான் அதிகாரம், விகிதத்தை அல்ல.

புது வீடு வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஜனவரி 1 அன்று வெறும் மனையாக இருந்தால் முதல் வருஷ வரி மனைக்கு மட்டும் வரும். வங்கி அதை வைத்து மாதத் தவணையோடு வரிப் பணத்தைப் பிடிக்கும். அடுத்த வருஷம் முழு வீட்டுக்கும் பில் வந்து, பற்றாக்குறையும் சேர்ந்து தவணை திடீரென்று எகிறும். 10 சதவீத உச்சவரம்பும் கழிவு வாங்கின அடுத்த வருஷத்திலிருந்துதான் வேலை செய்யும். கழிவுக்கு விண்ணப்பம் இலவசம். கட்டணம் கேட்டுத் தபால் வந்தால் குப்பையில் போடலாம்.

வசூல் முறை உங்களுக்குப் பிடிக்கும். அக்டோபரில் பில், ஜனவரி 31 கடைசி நாள். பிப்ரவரி பிறந்ததும் 6 சதவீத அபராதம், 1 சதவீத வட்டி. மாதாமாதம் ஏறி, ஜூலையில் வக்கீல் செலவு என்று 20 சதவீதம் வரை கூடும். வீட்டு வாசலில் வந்து நிற்க பில் கலெக்டர் கிடையாது. வீட்டையே ஏலத்துக்குக் கொண்டுபோகும் சட்டம் இருக்கிறது.

நம் ஊரில் 2022-ல் சொத்துவரியை 600 சதுர அடிக்குள் 25 சதவீதம் என்று தொடங்கி மேலே மேலே ஏற்றியபோது அரசாணை ஒன்று போதுமாக இருந்தது. நகராட்சிச் சொத்துவரிக்குள்ளேயே கல்வி வரி என்று ஒரு பங்கு ஒளிந்திருந்ததை நீங்கள்தான் ரசீதில் காட்டினீர்கள். அந்தப் பங்கு எந்தப் பள்ளிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். இங்கே சிலர் கேட்கிறார்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்