லட்சம் லுமென் டார்ச்சை யார் அளந்தது? மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

ஆணையத்தின் தலைமை ஆணையர் அவர்களுக்கும் மற்ற அதிகாரிகளுக்கும் வணக்கம்.

ஏதாவது ஒரு இணைய அங்காடியில் 'ரீசார்ஜபிள் டார்ச்' என்று போட்டுத் தேடிப் பாருங்கள். 50,000 லுமென், 1,00,000 லுமென், ஐந்து கிலோமீட்டர் தூரம் அடிக்கும், 9900 எம்ஏஎச் பேட்டரி என்று வரிசையாக வந்து நிற்கும். லுமென் என்பது டார்ச் தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு, எம்ஏஎச் என்பது பேட்டரி எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற அளவு. விலை முந்நூறு, நானூறு ரூபாய்தான். அந்த எண்களில் ஒன்றுகூட உண்மையாக இருக்க வழியே இல்லை. இதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம், பள்ளிக்கூடக் கணக்கு போதும்.

வீட்டில் எரியும் 9 வாட் எல்இடி பல்பு சுமார் 900 லுமென் தரும். அப்படியானால் லட்சம் லுமென் என்பது நூறு பல்புக்கும் மேல். நல்ல எல்இடி ஒரு வாட்டுக்கு 150 லுமென் தருகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம், அப்போதும் 650 வாட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். அதில் பாதிக்கு மேல் சூடாகத்தான் போகும், அதாவது உள்ளங்கை அளவு அலுமினியக் குழாய் இஸ்திரிப் பெட்டி போலக் கொதிக்க வேண்டும். உள்ளே இருப்பதோ 18650 என்ற அளவு லித்தியம் செல் ஒன்றே ஒன்று. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், நல்ல கம்பெனிச் செல்லாகவே இருந்தாலும் அதில் அடங்கும் சக்தி 12, 13 வாட்-மணி, அதாவது 12, 13 வாட்டை ஒரு மணி நேரம் தரும். 650 வாட்டை அதிலிருந்து இழுத்தால் ஒன்றே கால் நிமிடம்கூடத் தாங்காது. ஆனால் இழுக்கவும் முடியாது, ஏனென்றால் 180 ஆம்பியர் வேண்டும், அந்த அளவு செல் கொடுப்பது அதிகம் போனால் முப்பது, நாற்பது.

தூரக் கணக்கு இதைவிட மோசம். டார்ச்சின் தூரத்தை இரண்டு மடங்காக்க ஒளிச்செறிவை நான்கு மடங்காக்க வேண்டும். 200 மீட்டர் அடிக்கும் சாதாரண டார்ச்சை ஐந்து கிலோமீட்டருக்குக் கொண்டுபோக 625 மடங்கு வேண்டும். நானூறு ரூபாய்க்கு இதெல்லாம் கிடைக்காது என்று விற்பவருக்கு நன்றாகவே தெரியும்.

நான் எலெக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். இந்த டார்ச்சுகள் வாங்கிய சில மாதத்தில் என் மேஜைக்கு வந்துவிடும். கழற்றி உள்ளே இருக்கும் செல்லைச் சின்ன டிஜிட்டல் தராசில் வைப்பேன். நல்ல 18650 செல் 45 கிராம் பக்கத்தில் நிற்கும், 9900 என்று பெரிதாக அச்சடித்த இவை முப்பதைத் தொடவே திணறும். சில செல்களில் மேலுறையை உரித்தால் உள்ளே இன்னொரு உறை இருக்கும், முனையில் பழைய வெல்டிங் புள்ளிகள் தெரியும். யாரோ தூக்கிப் போட்ட லேப்டாப் பேட்டரியிலிருந்து உருவியதுதான் அது. முழுதாகச் சார்ஜ் ஏற்றி அளந்தால் ஆயிரம் எம்ஏஎச்சைத் தாண்டுவதே அபூர்வம். இந்த அளவுச் செல்லில் சந்தையில் கிடைக்கும் நல்ல சரக்கே சுமார் 3500தான் எனும்போது 9900 எங்கிருந்து வரும்? வாங்குகிறவரே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒரு ஆம்பியர் சார்ஜரில் ஒரு மணி நேரத்தில் நிரம்பிவிடும் பேட்டரி 9900 ஆக இருக்கவே முடியாது, நிஜ 9900 என்றால் பத்து மணி நேரம் பிடிக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லித்தியம் செல்களுக்கு ஐஎஸ் 16046 தரத்தின் கீழ் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு கட்டாயம். நான் உரித்துப் பார்த்த இந்தச் செல்களில் பதிவு எண் எதையும் பார்த்ததில்லை. அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறாமல் தடுக்கும் பாதுகாப்புச் சுற்று இல்லாத செல்லை ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்டுவிட்டுப் பக்கத்தில் குழந்தைகளோடு படுத்துத் தூங்குகிறார்கள். இதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

வெறும் டார்ச்தானே என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் பக்கம் மும்முனை மின்சாரம் ராத்திரியில் வரும் நாட்களில் விவசாயி ராத்திரியில்தான் மோட்டார் போட வேண்டும், மடை திறக்க வரப்பில் நடக்க வேண்டும். வரப்பில் கண்ணாடி விரியன் கிடக்கும், கட்டுவிரியன் கிடக்கும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியில் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று 2020ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது, அதில் பெரும்பாலோர் கிராமத்து ஆட்கள். அப்படிப்பட்ட இடத்துக்கு லட்சம் லுமென் என்று நம்பி எடுத்துப் போகும் டார்ச், முதல் ரெண்டு நிமிடம் பளீரென்று அடித்துவிட்டு, பாதி வயலைச் சுற்றுவதற்குள் மங்கி, திரும்பும்போது அணைந்தும் போனால் அந்த ஆள் என்ன செய்வார்? மூணு கட்டை போட்ட பழைய பேட்டரி லைட் சில பத்து லுமென்தான் தந்தது, ஆனால் அது மெல்ல மெல்ல மங்குவதைப் பார்த்தே பேட்டரி தீரப்போகிறது என்று தெரிந்துகொள்ளலாம். எல்இடி வந்தது பெரிய வரம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வரப்பில் நடக்க 200, 300 லுமென் தாராளம், அதை நாலு மணி நேரம் ஒரே சீராகத் தரும் டார்ச்தான் அவருக்குத் தேவை. மார்கழிப் பனியில் அளவுக்கு மீறிய வெளிச்சம் அடித்தால் அது பனியில் பட்டுத் திரும்பி நம் கண்ணையே கூச வைக்கும், காலடி தெரியாது.

லட்சம் லுமென் டார்ச் உலகத்தில் இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. இமாலென்ட் என்ற கம்பெனியின் எம்எஸ்18 அந்த அளவைச் சொல்லித்தான் விற்கிறது. அதில் 18 எல்இடிகள், எட்டு பெரிய செல்கள், உள்ளே விசிறி. அவ்வளவு இருந்தும் முழு வெளிச்சம் சிறிது நேரம்தான், சூடேறியதும் தானாகவே குறைத்துக்கொள்ளும். சட்டைப் பையில் போடுகிற டார்ச் இதைத் தருமா?

சரி, எப்படி அளப்பது என்பதற்கு வழி இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் 2009ல் எஃப்எல் 1 என்ற தரநிலை வந்தது. டார்ச்சைப் போட்டு 30 விநாடி கழித்துத்தான் லுமென் அளக்க வேண்டும், தூரம் என்றால் வெளிச்சம் 0.25 லக்ஸுக்கு, அதாவது முழுநிலா வெளிச்ச அளவுக்குக் குறையும் இடம், எரியும் நேரம் என்றால் ஆரம்ப வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்குக்கு வரும் வரை. அதிலும் ஓட்டை இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் கால்வாசியாகிவிட்டு அப்புறம் மணிக்கணக்கில் மினுங்கும் டார்ச்கூட 'எட்டு மணி நேரம் எரியும்' என்று போட்டுக்கொள்ளலாம். அதனால் நம் நாட்டில் கொண்டுவரும்போது பத்து நிமிடம் கழித்து எவ்வளவு லுமென் என்பதையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.

உங்களிடம் அதிகாரம் இல்லை என்றால் இந்த மடலையே எழுதியிருக்க மாட்டேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு நீங்கள் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. யாரும் புகார் தராமலே நீங்களாக எடுத்து விசாரிக்கலாம். 2022ல் தரமுத்திரை இல்லாத பிரஷர் குக்கர்களை விற்ற இணைய அங்காடிகளுக்கு அபராதம் போட்டீர்கள், வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரச் சொன்னீர்கள். அதையே டார்ச்சுக்கும் செய்யுங்கள். நானூறு ரூபாய் போனவர் நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போட்டுக்கொண்டு இருக்க மாட்டார், ஏமாந்தோம் என்று விட்டுவிட்டு அடுத்த மாதம் இன்னொன்று வாங்குவார். விற்பவர்கள் நம்பியிருப்பது இதைத்தான்.

முதல் வேலையாக, ஒற்றை 18650 செல்லுக்கு 9900 எம்ஏஎச் என்று போட்டிருக்கும் எல்லா விற்பனைப் பக்கங்களையும் எடுக்கச் சொல்லி அங்காடிகளுக்கு உத்தரவு போடுங்கள். இதற்குச் சோதனைகூடத் தேவையில்லை, எண்ணே பொய். அடுத்து, பத்தாயிரம் லுமெனுக்கு மேல் சொல்பவர் அளந்த அறிக்கையைக் காட்டட்டும், இல்லையென்றால் அந்த எண்ணை எடுக்கட்டும். கழற்றிய செல்களைப் பெட்டியில் சேர்த்து வைத்திருக்கிறேன். சோதிக்க வேண்டும் என்றால் சொல்லுங்கள், என் செலவிலேயே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
திருவாரூர் மாவட்டத்திலிருந்து ஒரு ரிப்பேர் கடைக்காரர்