ஒன்றைப் போட்டுச் சரிபார்க்காதே

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் நீ கேட்டதற்கு எழுதித்தான் பதில் சொல்ல முடியும். கணக்கைக் காதால் கேட்டுப் பயனில்லை. உன் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் எண்ணும் எழுத்தும் கலந்த இயற்கணிதக் கோவை எழுதச் சொன்னால் விழிக்கிறார்கள், எண்ணைக் கொடுத்து மதிப்புக் காணச் சொன்னால் மட்டும் வேகமாகப் போடுகிறார்கள் என்றாய். அந்த வேகத்தையே பிடித்துக்கொள். மதிப்புக் காண்பதிலிருந்து கோவைக்கு வா.

கீழக்கரையிலிருந்து ராமநாதபுரம் சந்தைக்கு நண்டுப் பெட்டிகளை ஏற்றிச் செல்பவர் வண்டிக்கு 300 ரூபாய், பெட்டிக்கு 40 ரூபாய் வாங்குகிறார் என்று வைத்துக்கொள். (ஓசூர்ப் பிள்ளைகளுக்கு நண்டு எதற்கு? ராயக்கோட்டைத் தக்காளிச் சந்தை உன் பக்கத்தில்தானே இருக்கிறது. பெட்டியில் தக்காளியை வை.) 6 பெட்டிக்கு எவ்வளவு? 10 பெட்டிக்கு? 25 பெட்டிக்கு? பலகையில் விடையை மட்டும் எழுத விடாதே. 40 × 6 + 300, 40 × 10 + 300 என்று செய்முறை அப்படியே ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கட்டும். நான்கைந்து வரி சேர்ந்ததும், எந்த இடம் மாறுகிறது, எது மாறவில்லை என்று கேள். கடைசி பெஞ்சுப் பையனும் சொல்லிவிடுவான். மாறும் இடத்தில் ஓர் எழுத்தை வை: 40ம + 300. மாறி (ம), மாறிலி (300), கெழு (40) என்ற பெயர்களெல்லாம் அதன் பிறகு வந்தால் போதும்.

பெட்டிக்குப் ‘ப’ என்று வைத்துவிடாதே. வைத்தால் 40ப என்பதைப் பிள்ளை ‘நாற்பது பெட்டி’ என்றே படிக்கும். எழுத்து பெட்டியைக் குறிப்பதில்லை, பெட்டிகளின் எண்ணிக்கையைக் குறிக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் கணித அறிஞர் இரண்டாம் பாஸ்கரர் தெரியாத எண்களுக்கு யாவத்தாவத், காலகம், நீலகம், பீதகம் என்று பெயரிட்டு, யா, கா, நீ, பீ என முதல் அசையை மட்டும் எழுதினார். முதலாவதைத் தவிர மற்றவை நிறங்களின் பெயர்கள். கணக்கு குதிரைகளைப் பற்றியதென்றால் அந்தக் குதிரைகள் நீலமாகவா இருந்தன? பொருளோடு ஒட்டாத பெயரை வைத்த அந்த மனிதரின் மீது எனக்கு மரியாதை அதிகம். தெரியாத எண்ணுக்கு எக்ஸ், ஒய், இசட் என்று எழுதும் வழக்கம் 1637இல் பிரெஞ்சு அறிஞர் டேக்கார்ட்டிடமிருந்து வந்தது. அவற்றை இரண்டாம் வாரத்தில் எழுதிக்கொள்ளலாம்.

அடுத்து, பாதி வகுப்பு 40ம + 300 என்பதை 340ம என்று சுருக்கும். திட்டாதே. கூட்டல் குறியைக் கண்டால் கூட்டி முடித்தாக வேண்டும் என்று தொடக்கப் பள்ளி முழுவதும் நாம்தான் பழக்கியிருக்கிறோம். குறி நடுவில் நிற்கும்போதே அது முழு விடையாக இருக்க முடியும் என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்? ஒத்த உறுப்புகளைத்தான் கூட்டலாம் என்ற விதியை ஓதுவதைவிட, 6ஐப் போட்டுப் பார்க்கச் சொல். ஒன்று 540 தரும், மற்றது 2040 தரும். 2040 ரூபாய் கேட்கும் வண்டியில் யார் பெட்டியை ஏற்றுவார்கள்? அப்படியே 0ஐயும் போடச் சொல். பெட்டியே ஏற்றாவிட்டாலும், வண்டியை வரவழைத்ததற்கு 300 கொடுத்தாக வேண்டும். 340ம அங்கே பூச்சியமாகிவிடும்.

நீ கவனிக்க வேண்டிய இடம் இதுதான். எண்ணைப் பிள்ளைகளே தேர்ந்தெடுத்தால், எளிதாக இருக்கிறது என்று 1ஐப் போடுவார்கள். அப்போது 40ம + 300, 340ம இரண்டும் 340தான். தவறு தப்பித்துவிடும். ம²ஐ 2ம என்று நினைக்கும் பிள்ளை 2ஐப் போட்டால் இரண்டும் 4; அங்கேயும் தப்பித்துவிடும். ஆகவே 5, 7 போன்ற எண்களையும் போடச் சொல். எந்த எண் தவறைக் காட்டிக்கொடுக்கும், எது மறைக்கும் என்று பிள்ளைகளையே தேடவிட்டால் ஒரு முழுப் பாடவேளை போதாது. எனக்கு மிகப் பிடித்த வகுப்பு அது.

வாக்கியத்தைக் கோவையாக்கும்போதும் இதே சோதனைதான். ‘ஓர் எண்ணின் மூன்று மடங்குடன் 5ஐக் கூட்டு’, ‘ஓர் எண்ணுடன் 5ஐக் கூட்டி, வருவதை மூன்று மடங்காக்கு.’ முதலாவது 3ம + 5, இரண்டாவது 3(ம + 5). 2ஐப் போட்டால் 11, 21. அடைப்புக்குறி எதற்கு என்று அதன் பிறகு எந்தப் பிள்ளையும் கேட்காது.

படகுக்கு ஐந்து ஆள் என்று சொல்லி, ஆட்களின் எண்ணிக்கை க, படகுகளின் எண்ணிக்கை த என்று கொடுத்துப் பார். வாக்கியம் ஓடும் வரிசையிலேயே 5க = த என்று எழுதுவார்கள். இதற்காகப் பிள்ளைகளைக் குறைத்து எண்ணாதே. ‘பேராசிரியர்களைப் போல ஆறு மடங்கு மாணவர்கள்’ என்ற வாக்கியத்தைக் கொடுத்தபோது, அமெரிக்காவில் முதலாண்டுப் பொறியியல் மாணவர்களிலேயே மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் தவறாக எழுதினார்கள், அந்தத் தவறுகளில் பெரும்பாலானவை இப்படித் தலைகீழானவை என்று கல்வி ஆய்வாளர் ஜான் கிளெமென்ட் 1980களின் தொடக்கத்தில் எழுதியிருக்கிறார். நான்கு படகுக்கு எத்தனை ஆள் என்று கேள். இருபது என்பார்கள். அந்த இருபதையும் நான்கையும் அவர்கள் எழுதியதிலேயே போடச் சொல்லிவிட்டு நீ பேசாமல் நில்.

பிரதியிடும்போது, அதாவது எழுத்துக்குப் பதிலாக எண்ணைப் போடும்போது, ஒரே ஒரு வழக்கத்தில் கண்டிப்பாக இரு: எழுத்தை எடுத்த இடத்தில் அடைப்புக்குறி போட்டு, அதற்குள் எண்ணை வைக்க வேண்டும். 3ம என்பதில் 4ஐப் போட்டு 34 என்று எழுதுவதும், ம²இல் −3ஐப் போட்டு −9 என்று எழுதுவதும் இதனால் பெரும்பாலும் நின்றுவிடும். 3(4), (−3)² என்று கண்ணுக்குத் தெரிந்தால் கை தடுமாறாது.

இங்கே மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டன. உன் உம்மா கருவாடு கட்டி வைத்திருக்கிறாள். உன் காக்கா பெங்களூரு போகும் வழியில் கொண்டுவந்து தருவான். முதல் தேர்வு வைத்ததும், சரியான விடைத்தாள்களை விட்டுவிட்டுத் தவறானவற்றை மட்டும் படமெடுத்து எனக்கு அனுப்பு. பிள்ளைகளின் பெயரை மறைத்துவிடு.

இப்படிக்கு,
வாப்பா