தலித் கிறிஸ்தவர் கோரிக்கை: சான்று சபைகளின் அலமாரியில் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியில் சேர்க்கக் கோரி ஆண்டுதோறும் ஆகஸ்ட் 10 கறுப்பு தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. ஆயர்களும் கட்சித் தலைவர்களும் ஒரே மேடையில் பேசுகிறார்கள். கோரிக்கை முழுக்க நியாயமானது. ஆனால் அது எந்த இடத்தில் தட்டி நிற்கிறது என்பதை அந்த மேடைகளில் யாரும் சொல்வதில்லை.

1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்திதான் தடை. இந்து அல்லாத யாரும் பட்டியல் சாதியினர் அல்லர் என்று அது சொன்னது. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் திருத்தம் செய்தார்கள். கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் செய்யவில்லை. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவர் ஆனவர், எத்தனை தலைமுறை கடந்திருந்தாலும், பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார். பட்டியல் சாதிக்கான 18 சதவீத இடஒதுக்கீட்டில் அவருக்கு இடமில்லை. பெரிய சாதிகளோடு பிற்படுத்தப்பட்டோருக்கான 26.5 சதவீதத்தில் போட்டியிட வேண்டும். 234 சட்டமன்றத் தொகுதிகளில் பட்டியல் சாதிக்கான 44 தனித் தொகுதிகளில் நிற்க முடியாது. ஒரே தெருவில் அண்ணன் இந்து, தம்பி கிறிஸ்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதிப் பெயரைச் சொல்லி இருவரையும் ஒரே ஆள் அடித்தாலும் அண்ணன் கொடுக்கும் புகாரில்தான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சேரும்.

இதை எதிர்த்துப் போன முக்கியமான வழக்கு சூசை வழக்கு. சென்னையில் சாலையோரம் செருப்பு தைத்த ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் அவர். செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பங்க் கடை, கிறிஸ்தவர் என்பதால் அவருக்குக் கிடைக்கவில்லை. 1985இல் உச்ச நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளியது. அந்தத் தீர்ப்பு சொன்ன காரணத்தைத்தான் கவனிக்க வேண்டும். மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது. இந்து சமயத்தில் இருந்த அதே அளவு கொடுமையான இழிநிலை கிறிஸ்தவத்துக்குள்ளும் தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் வேண்டும், அது எங்கள் முன் வைக்கப்படவில்லை என்றார்கள் நீதிபதிகள்.

அந்த ஆதாரம் யாரிடம் இருக்கிறது? திருச்சபைகளிடம்தான். நாற்பது ஆண்டுகளாக அவை அதைக் கட்டுக்கட்டாக எடுத்து வைக்காததற்குக் காரணமும் ஊரறிந்தது. ‘எங்களிடம் சாதி இல்லை’ என்று பிரசங்க பீடத்தில் சொல்லிக்கொண்டே ‘எங்களிடம் தீண்டாமை இருக்கிறது’ என்று பிரமாணப் பத்திரம் கொடுக்க மனம் வருவதில்லை.

வரலாற்றில் சான்றுக்குப் பஞ்சமில்லை. 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேறுபாட்டைச் சபைகளிலிருந்து ஒழிக்க உத்தரவிட்டபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் எதிர்ப்பு கிளம்பியது. 1872இல் கட்டப்பட்ட வடக்கன்குளம் ஆலயம் கால்சட்டைபோல இரண்டு கிளையாகப் பிரியும். ஒரு கிளையில் வெள்ளாளர், மறு கிளையில் நாடார். பிரிப்புச் சுவரை 1910இல் இடித்ததும் உரிமை பறிபோனதாக வழக்கு வந்தது. நடுச்சாதிகளுக்குள்ளேயே இந்த நிலை என்றால், அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்டவர்கள் கதி என்ன? திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தைச் சுவர் வைத்துப் பிரித்ததும், 2008 மார்ச்சில் எறையூரில் தனிப் பங்கு (தனி ஆலயமும் குருவும் கொண்ட சபைப் பிரிவு) கேட்ட தலித் கத்தோலிக்கர்களுக்கும் ஆதிக்கச் சாதிக் கத்தோலிக்கர்களுக்கும் மோதல் ஏற்பட்டு, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இருவர் இறந்ததும் நம் காலத்தில் நடந்தவை. ஆனால் நாலைந்து ஊர்ப் பெயர்களை வைத்து வழக்கை ஜெயிக்க முடியாது. கத்தோலிக்கத்தில் பங்கு பங்காக, சீர்திருத்தச் சபைகளில் சேகரம் சேகரமாகத் தரவு வேண்டும்.

என்ன தரவு? கல்லறைத் தோட்டத்தின் புல எண்ணோடு வரைபடம்: யாருக்கு எந்தப் பகுதி, நுழைவாயில் ஒன்றா இரண்டா. திருவிழாத் தேர் எந்தத் தெருக்களில் போகிறது, எந்தத் தெரு முனையில் திரும்பிவிடுகிறது. பத்து நாள் விழாவில் எந்த நாள் உபயம் யாருக்கு. எல்லாவற்றையும்விட முக்கியம், குடும்பத்துக்கு இவ்வளவு என்று திருவிழாவுக்கு வாங்கும் தலைக்கட்டு வரியின் நோட்டு. பல ஊர்களில் தலித் குடும்பங்களிடம் வரி வாங்குவதில்லை. வெளியூர்க்காரருக்கு இது சலுகைபோலத் தெரியும். உண்மையில் வரி கட்டியவருக்குத்தான் திருவிழாவில் உரிமை. வாங்கினால் உரிமை வந்துவிடும் என்பதற்காகவே வாங்குவதில்லை. அந்த நோட்டில் இல்லாத பெயர்களே நீதிமன்றத்துக்கு வலுவான சான்று.

இதில் ஒரு பெரிய அபாயமும் உண்டு. ஞானஸ்நானப் பதிவேடு இன்று வருவாய்த் துறைக்கும் நீதிமன்றத்துக்கும் சாட்சியாகிவிட்டது. தேவிகுளம் தனித் தொகுதியில் 2021இல் வென்ற ராஜாவின் தேர்தலை, சபைப் பதிவேடுகளை முன்வைத்து, அவர் கிறிஸ்தவர் என்று கூறிக் கேரள உயர் நீதிமன்றம் 2023இல் ரத்து செய்தது. 2025 மே மாதம்தான் உச்ச நீதிமன்றம் அவர் வெற்றி செல்லும் என்றது. இராமநாதபுரத்தில் ஒரு மருத்துவரின் சாதிச் சான்றிதழை, கிறிஸ்தவரை மணந்தார், கிளினிக்கில் சிலுவை மாட்டியிருந்தார் என்று ரத்து செய்தார்கள். 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் அதைத் திருத்தியது. இந்தப் பயத்தால்தான் ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்கு வரும் குடும்பங்கள்கூடப் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற விடுவதில்லை. மக்கள்தொகைக் கணக்கும் குறைகிறது, சபைக் கணக்கும் குறைகிறது. அதனால் பெயர்ப் பட்டியல் தயாரிக்கவே கூடாது. அதை வைத்தே நாளை சான்றிதழ்களை ரத்து செய்வார்கள். ஒரு பங்குக்கு ஒரு தாள், அதில் எண்ணிக்கை மட்டும். மறைமாவட்ட அளவில் கூட்டி, ஆயரே கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும்.

மதம் மாறிய பின் வழக்கத்திலும் சமூக நிலையிலும் பாகுபாட்டிலும் என்ன மாறுகிறது என்பதே 2022 அக்டோபரில் அமைக்கப்பட்ட கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையத்திடம் தரப்பட்ட கேள்விகளில் ஒன்று. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாவது பத்தியை நீக்கச் சொல்லியும் மத்திய அரசு அசையவில்லை. 2023 ஏப்ரலில் இதே கோரிக்கையை வலியுறுத்தி நம் சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானத்துக்கு அரசியல் எடை உண்டு. சட்டத்தில் அது ஒரு வேண்டுகோள்தான். மூன்றாவது பத்தியை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் 2004 முதல் நிலுவையில் உள்ள வழக்கில் கடைசியில் எழப்போவது சூசை வழக்கின் அதே கேள்வி.

டெல்லிக்குக் காத்திருக்காமல் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. அரசு சம்பளம் கொடுக்கும் உதவிபெறும் பள்ளிகளும் கல்லூரிகளும் திருச்சபைகளிடம் ஏராளமாக உள்ளன. சிறுபான்மை நிறுவனம் என்பதால் நியமனத்தில் 69 சதவீத இடஒதுக்கீடு அவற்றைக் கட்டுப்படுத்தாது. ஆளை எடுப்பது நிர்வாகத்தின் கையில். ஆக, தலித் கிறிஸ்தவருக்கு அரசிலும் பட்டியல் சாதி இடம் இல்லை, தன் சொந்தச் சபையின் பள்ளியிலும் சட்டப்படி ஒதுக்கீடு இல்லை. அவர்களில் எத்தனை பேர் ஆசிரியர், எத்தனை பேர் தலைமையாசிரியர், எத்தனை பேர் வாட்ச்மேன் என்பதை ஆயர் பேரவையும் தென்னிந்தியத் திருச்சபையும் லுத்தரன் சபையும் வரும் கல்வியாண்டுக்குள் வெளியிடட்டும். அதற்குப் புதிதாக ஆய்வு எதுவும் வேண்டாம். ஒவ்வொருவரின் பணிப்பதிவேட்டிலும் வகுப்பு குறிக்கப்பட்டிருக்கிறது. எண்ணிக் கூட்ட வேண்டியதுதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சிராப்பள்ளி