பொசித்திரன் மிகுதியைக் கரும்பொருள் என்று எழுதாதீர்கள்: வன்னிப் பாடசாலைகளின் விஞ்ஞான மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாசிரியர்களுக்கு,

கிளிநொச்சியில் உயர்தர மாணவருக்குப் பௌதிகவியல் கற்பிப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். விஞ்ஞான தினக் கண்காட்சிகளில், ஒளியை உமிழாமல் ஈர்ப்பின் மூலம் மட்டுமே அறியப்படும் கரும்பொருள் பற்றிய சுவரொட்டிகளைக் காண்பது மகிழ்ச்சி தருகிறது. ஆனால் விண்வெளியிலுள்ள ஏ.எம்.எஸ். என்னும் துணிக்கை உணர்கருவி கரும்பொருளைக் கண்டுபிடித்துவிட்டது என்று அவற்றில் எழுதப்படுவதைத் திருத்துமாறு வேண்டுகிறேன்.

அக்கருவி கண்டவை பொசித்திரன்கள், அதாவது இலத்திரனின் நேரேற்றம் கொண்ட எதிர்த்துணிக்கைகள். கரும்பொருள் துணிக்கைகள் ஒன்றையொன்று அழிக்குமானால் இலத்திரன்களும் பொசித்திரன்களும் சம அளவில் பிறக்கலாம். விண்வெளியிலிருந்து வரும் உயர்சக்தித் துணிக்கைகளான அண்டக் கதிர்களில் இலத்திரன்கள் ஏராளமாக இருப்பதால் அங்கு சேரும் மிகுதி புலப்படாது, அரிதான பொசித்திரன்களில் சேர்வதே புலப்படும். 2011இல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் பொருத்தப்பட்ட ஏ.எம்.எஸ். கருவி, துணிக்கை காந்தப்புலத்தில் எப்பக்கம் வளைகிறது என்பதைக் கொண்டு அதன் ஏற்றத்தின் குறியை அறிகிறது. நம் மாணவர் பரீட்சைக்காக மனனம் செய்யும் பிளெமிங்கின் இடக்கை விதியே அங்கும் பயன்படுகிறது. (புரோத்தனும் அதே பக்கம் வளைவதால் இரண்டையும் பிரித்தறிய வேறு உணரிகளும் வேண்டும், கடினமான பகுதி அதுதான்.)

ஏறத்தாழ 10 கிகா இலத்திரன்வோல்ற்றுக்கு மேல் பொசித்திரன்களின் பங்கு, குறைய வேண்டியதற்கு மாறாகக் கூடுகிறது என்று செய்மதியொன்றில் பொருத்தப்பட்ட பமேலா கருவி முன்னர் கண்டதை ஏ.எம்.எஸ். 2013இல் உறுதிப்படுத்தியது. இரணைமடுக் குளத்தில் நீர்மட்டம் உயர்ந்ததை மட்டும் பார்த்து எந்தக் காட்டில் மழை பெய்தது என்று எவரும் சொல்வதில்லை. உயர்சக்திப் பொசித்திரன்கள் விரைவில் சக்தியை இழப்பதால் அவற்றின் மூலம் அண்மையில் இருக்க வேண்டும் என்பது மட்டும் தெளிவு. பால்வீதியின் காந்தப்புலம் அவற்றின் பாதையைக் குலைத்துவிடுவதால் வந்த திசை தெரிவதில்லை.

ஏறத்தாழ 800 ஒளியாண்டு தொலைவிலுள்ள ஜெமிங்கா போன்ற துடிவிண்மீன்களும் (வேகமாகச் சுழலும் நியூத்திரன் விண்மீன்கள்) பொசித்திரன்களை உமிழக்கூடும். ஜெமிங்காவைச் சூழ அத்துணிக்கைகள் எதிர்பார்த்ததைவிட மெதுவாகவே பரவுகின்றன, ஆகவே போதிய அளவு பூமியை எட்டாது என்று மெக்சிக்கோவின் ஹோக் காமாக் கதிர் அவதான நிலையம் 2017இல் காட்டியது. அந்த மந்தம் ஜெமிங்காவைச் சூழ்ந்த பகுதிக்கு மட்டும் உரியதாக இருக்கலாம் என்று பிறர் மறுத்தனர். என் கணிப்பில் துடிவிண்மீன்களின் பக்கமே வலுவானது. கரும்பொருள் அழிவில் புரோத்தனின் எதிர்த்துணிக்கைகளான எதிர்ப்புரோத்தன்களும் பிறக்கலாம், ஆனால் பமேலா அவற்றில் அத்தகைய மிகுதி எதையும் காணாததும் அதற்கு ஒரு காரணம்.

ஆகவே சுவரொட்டியில் இரண்டு விளக்கங்களையும் அருகருகே இட்டு, எந்த அளவீடு அவற்றைப் பிரித்துக் காட்டும் என்று மாணவரையே கேட்கச் செய்யுங்கள். மாசி மாத முன்னிரவில் மிதுனம் தலைக்கு மேல் நிற்கும்போது, ஜெமிங்கா இருக்கும் திசையை முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்தே சுட்டிக்காட்டலாம். விரும்பும் மன்றங்களுக்கு ஏ.எம்.எஸ். வரைபை, அதன் அச்சுகளின் பெயர்களைத் தமிழில் இட்டு ஆயத்தம் செய்து தருகிறேன்.

இங்ஙனம்,
பௌதிகவியல் ஆசிரியர் ஒருவர்,
கிளிநொச்சி.