செம்பு ரிவெட்டுக்குச் சொந்தக்காரர்

ஆசிரியருக்கு வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான ஜீன்ஸ் வரலாற்றுக் கட்டுரை, சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கூடாரத் துணியில் கால்சட்டை தைத்தவர் லெவி ஸ்ட்ராஸ் என்ற பழைய கதையையே திரும்பச் சொல்கிறது. பவேரியாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய யூதரான ஸ்ட்ராஸ், 1853-இல் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கியது மொத்தத் துணி வியாபாரம். ரிவெட், அதாவது துணியைப் பிய்யாமல் பிடிக்கும் சிறு உலோக ஆணி, அடித்த கால்சட்டையை உருவாக்கியவர், ரிகாவில் பிறந்த இன்னொரு யூதக் குடியேறி, நெவாடாவின் ரீனோவில் தையற்கடை வைத்திருந்த ஜேக்கப் டேவிஸ். குதிரைப் போர்வையின் வார்களில் அடித்துவந்த செம்பு ரிவெட்டை, ஒரு விறகுவெட்டிக்குத் தைத்த கால்சட்டையின் பை மூலைகளில் அடித்துக் கொடுத்தார் அவர். காப்புரிமை பெறக் கையில் பணமில்லாததால், தமக்குத் துணி அனுப்பும் ஸ்ட்ராஸுக்குக் கடிதம் எழுதினார். 1873 மே 20 அன்று கிடைத்த காப்புரிமையில், கண்டுபிடித்தவர் என்று டேவிஸின் பெயரே இருக்கிறது.

நானும் தையற்கடை நடத்துபவன். பழுதுபார்க்க வரும் வேலைக் கால்சட்டைகளில் முதலில் பிய்ந்திருப்பது பையின் மூலைதான். எத்தனை முறை தைத்தாலும் நூல் அங்கே நிற்காது. அதைச் சரியாகக் கண்டு தீர்த்தவரை விட்டுவிடுவது பெரும் அநீதி. வரும் இணைப்பிலேயே டேவிஸைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றை, அந்தக் காப்புரிமையின் வரைபடத்துடன் வெளியிட வேண்டுகிறேன்.

– தையற்கடை உரிமையாளர், ஈரோடு