பழுதான நாட்களுக்கும் சந்தாவா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கணினிப் பாதுகாப்பு மென்பொருளை ஆண்டுச் சந்தா கட்டிப் பயன்படுத்துவோர் இன்று பெரிய நிறுவனங்கள் மட்டுமல்லர்; வரி ஆலோசகர்கள், மருந்துக் கடைக்காரர்கள், ஜெராக்ஸ் கடை நடத்துவோர், பிள்ளைகளின் படிப்புக்காக வீட்டில் ஒரு கணினி வைத்திருப்போர் என்று சிற்றூர்கள் வரை அந்த வட்டம் விரிந்துவிட்டது. இவர்கள் பணம் கொடுத்து வாங்கிய மென்பொருள் பழுதுபட்டால், அது எத்தனை மாதம் நீடித்தாலும் கேட்பாரில்லை என்ற நிலையையும், பழுதாகக் கிடந்த காலத்தையும் சேர்த்தே சந்தா எண்ணப்படுவதையும் தங்கள் நாளிதழ் வழியாக மத்திய நுகர்வோர் விவகாரத் துறையின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

ஈரோட்டில் ஜவுளி, மஞ்சள் வணிகர்களுக்கு ஜிஎஸ்டி படிவங்களைத் தாக்கல் செய்து கொடுக்கும் சிறு அலுவலகம் ஒன்றை நடத்தி வருகிறேன். வணிகர்களின் பான் எண், வங்கிக் கணக்கு, கொள்முதல் விவரம் எல்லாம் எங்கள் கணினிகளில் இருப்பதால், பெயர்பெற்ற நிறுவனம் ஒன்றின் பாதுகாப்பு மென்பொருளைப் பல ஆண்டுகளாகப் பணம் கட்டியே பயன்படுத்துகிறோம். சென்ற ஆண்டு அது புதிய பதிப்புக்குத் தானாக மாறிய பிறகு, கணினியை மறுபடி இயக்கும் ஒவ்வொரு முறையும் அதன் இணையப் பாதுகாப்புப் பகுதி அணைந்தே கிடக்கிறது. முகப்பிலோ பச்சை நிறக் குறியுடன், கணினி பாதுகாப்பாக இருப்பதாக அறிவிப்பு தெரிகிறது. அமைப்புகள் பக்கத்துக்குள் போய்ப் பார்ப்பவருக்குத்தான் உண்மை தெரியும்.

அந்தப் பகுதியைக் கையால் இயக்கிவிட்டால் வேறொரு தொல்லை தொடங்குகிறது. நிறுவனங்களின் படிவங்களில் டிஜிட்டல் கையொப்பம் இடுவதற்கான யுஎஸ்பி டோக்கனை அரசு இணையதளத்தோடு இணைக்கும் சிறு செயலியின் தொடர்பை அது துண்டித்துவிடுகிறது. பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்ட இணையப் போக்குவரத்தைச் சோதிப்பதற்காக இவ்வகை மென்பொருள்கள், இணையதளத்தின் அடையாளச் சான்றிதழுக்குப் பதிலாகத் தங்கள் சொந்தச் சான்றிதழை இடையில் வைப்பது வழக்கம். கணினிக்குள்ளேயே நடக்கும் இந்தத் தொடர்பிலும் அது கை வைப்பதே காரணமாக இருக்கலாம் என்று எங்கள் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் நண்பர் சொல்கிறார். விற்பனை விவரப் படிவத்துக்கு மாதத்தின் 11-ஆம் தேதியும், வரி செலுத்தும் 3பி படிவத்துக்கு 20-ஆம் தேதியும் கெடு. 3பி தாமதமானால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணமும், செலுத்தாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும் உண்டு. பாதுகாப்பு மென்பொருளின் பழுதால் தாமதமாயிற்று என்று வரித்துறையிடம் சொல்லித் தப்ப முடியாது, அது நியாயமும் அன்று. ஆகவே கெடு நாட்களில் பாதுகாப்பை அணைத்துவிட்டு, வேலை முடிந்ததும் மறுபடி இயக்குவது எங்கள் அலுவலகத்தில் நடைமுறையாகிவிட்டது.

நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதாமல் இல்லை. முதலில் மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவச் சொன்னார்கள், செய்தோம். பிறகு அதை முற்றாகத் துடைத்தெடுக்கும் தனிக் கருவி ஒன்றைத் தந்து, அதைக் கொண்டு நீக்கிவிட்டு நிறுவச் சொன்னார்கள், அதையும் செய்தோம். மென்பொருள் தன் செயல்பாட்டைக் குறித்துவைக்கும் லாக் கோப்புகளைக் கேட்டார்கள், அனுப்பினோம். பொறியாளர் குழு ஆராய்கிறது என்றும், அடுத்த பதிப்பில் சரியாகிவிடும் என்றும் பதில் வந்தது. அடுத்த பதிப்பும் வந்தது. அதில் முகப்பின் வண்ணம் மாறியிருந்தது, விபிஎன் வாங்கச் சொல்லும் விளம்பரம் ஒன்று கூடியிருந்தது, பழுது அப்படியே இருந்தது. இதற்கிடையே சில நாட்கள் நாங்கள் பதில் எழுதாததால் புகார் தீர்க்கப்பட்டதாகக் கருதி மூடப்பட்டுவிட்டது என்று தானியங்கிக் கடிதம் ஒன்று வந்தது. புதிய புகார் பதிந்தால் புதிய ஊழியர் வருகிறார். மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள் என்று அவர் முதலிலிருந்து தொடங்குகிறார். மறுமுனையில் இருக்கும் அந்த இளைஞர்கள்மீது எனக்குக் கோபமில்லை. அவர்கள் கையில் இருப்பது எழுதித் தரப்பட்ட பதில்கள் மட்டுமே என்பது இரண்டு கடிதங்களிலேயே விளங்கிவிடுகிறது.

இதில் என்னை மிகவும் கலங்கவைத்தது அவர்கள் சொன்ன தற்காலிகத் தீர்வுதான். கணக்குக் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரையும் கையொப்பச் செயலியையும் அரசு இணையதளத்தையும் சோதனையிலிருந்து விலக்கப்பட்டவற்றின் பட்டியலில் சேர்த்துவிடுங்கள் என்றார்கள். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் ஒன்று எங்கள் கணினிக்குள் புகுந்தால் அது முதலில் பூட்ட நினைப்பது அந்தக் கணக்குக் கோப்புகளைத்தான். வீட்டுக்குக் காவலாள் வைத்துவிட்டு, நகைப்பெட்டி இருக்கும் அறைப் பக்கம் மட்டும் அவர் போக வேண்டாம் என்பது போன்ற ஏற்பாடு இது. மற்ற மென்பொருள்களில் பழுதுக்கு மாற்றுவழி சொன்னால் வேலை சற்றுத் தாமதமாகும், அவ்வளவே. பாதுகாப்பு மென்பொருளிலோ, சொல்லப்படும் மாற்றுவழி ஏறக்குறைய எப்போதும் பாதுகாப்பைக் குறைப்பதாகவே இருக்கிறது. அதனால்தான் இதன் பழுதுகளை, எழுத்துரு சரியாகத் தெரியவில்லை என்பது போன்ற சில்லறைக் குறைகளோடு ஒரே வரிசையில் நிறுத்தக் கூடாது என்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. விண்டோஸ் கணினிகளில் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் என்ற பாதுகாப்பு இலவசமாகவே சேர்ந்து வருகிறது. வேறொரு நிறுவனத்தின் வைரஸ் தடுப்பு மென்பொருளை நிறுவி அது தன்னைப் பதிவு செய்துகொண்டதும், இரண்டும் மோதிக்கொள்ளாதிருக்க டிஃபெண்டர் ஒதுங்கிவிடும். புதிதாக வந்தது நலமாக இருக்கிறதா என்பதை விண்டோஸ் பெரும்பாலும் அந்த மென்பொருளின் வாய்மொழியை வைத்தே நம்புகிறது. எனவே உள்ளே ஒரு பகுதி அணைந்து, வெளியே பச்சைக் குறி காட்டும் மென்பொருளுக்குப் பணம் கட்டியவர், ஒரு ரூபாயும் கட்டாமல் டிஃபெண்டரோடு இருப்பவரைவிடக் குறைந்த பாதுகாப்பில் இருக்கும் விந்தை நேர்கிறது.

உலகம் முழுவதையும் ஒரே நேரத்தில் பாதிக்கும் பழுதுகள் இப்படி இழுபடுவதில்லை. 2010 ஏப்ரல் 21 அன்று வைரஸ் தடுப்பு நிறுவனமான மெக்காஃபி வெளியிட்ட 5958 என்ற எண்ணுள்ள அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் அடிப்படைக் கோப்பு ஒன்றையே வைரஸ் என்று கருதியதால் கணினிகள் திரும்பத் திரும்ப அணைந்து எழுந்தன. அன்றே அந்த அப்டேட் திரும்பப் பெறப்பட்டது. 2018 ஜனவரி 27 அன்று மால்வேர்பைட்ஸ் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஓர் அப்டேட், கணினியின் நினைவகத்தை விழுங்கி இணையப் பாதுகாப்பையும் அணைத்தபோது, சில மணி நேரத்தில் திருத்தம் வந்தது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் ஃபால்கன் என்ற பாதுகாப்பு மென்பொருள், மைக்ரோசாஃப்டின் கணிப்புப்படி, 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியதையும், நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்ததையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இந்திய நேரப்படி காலை 9.39-க்கு வெளியான அந்தப் பழுதான கோப்பு 10.57-க்குத் திரும்பப் பெறப்பட்டுவிட்டது. அதற்குள் வீழ்ந்த கணினிகளை மீட்கத்தான் நாட்கணக்கில் ஆயிற்று. (2010-ல் மெக்காஃபியின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியாக இருந்த ஜார்ஜ் கர்ட்ஸ்தான் 2024-ல் கிரவுட்ஸ்ட்ரைக்கின் தலைமை நிர்வாகி என்பது இத்துறையில் பலரும் அப்போது நினைவுகூர்ந்த செய்தி.) 20 உள்ளீடுகளை மட்டுமே தந்த நிரலிடம் 21-ஆவதைக் கேட்டதே கோளாறின் மூலம் என்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனமே ஆகஸ்ட் மாதம் விரிவான அறிக்கை வெளியிட்டு, இனி அப்டேட்களைப் படிப்படியாக விடுவதாகவும் உறுதி கூறியது. வாடிக்கையாளரிடம் பழுதை வெளிப்படையாகச் சொல்வது முடியாத காரியம் அன்று என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். விமானங்கள் நின்றால் சொல்கிறார்கள். ஈரோட்டிலும் திண்டுக்கல்லிலும் சில நூறு கணினிகளில் ஒரு பொத்தான் அணைந்து கிடந்தால் சொல்வதற்கு அவர்களுக்கு எந்த அவசரமும் இல்லை.

மென்பொருளில் பழுதே வரக் கூடாது என்று நான் கேட்கவில்லை. மாதந்தோறும் மாறும் விண்டோஸுக்குள் ஆழமாக ஊன்றி நின்று வேலை செய்ய வேண்டிய மென்பொருளைப் பிழையின்றி எழுதுவது எவ்வளவு கடினம் என்பது விவரமறிந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் கெடு என்பது ஒரு தரப்புக்கு மட்டும் இருப்பதை ஏற்க முடியவில்லை. மத்திய அரசின் கணினி அவசரகால எதிர்வினைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவின்படி, சைபர் தாக்குதலுக்கு ஆளான நிறுவனங்கள் அதை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். தாக்குதலைத் தடுக்க வேண்டிய மென்பொருள் மாதக்கணக்கில் ஊனமாகக் கிடந்தால், அதை இத்தனை நாளுக்குள் திருத்த வேண்டும் என்றோ, திருத்தும்வரை பயனாளருக்கு அறிவிக்க வேண்டும் என்றோ அதை விற்றவருக்கு எந்தக் கெடுவும் இல்லை. மென்பொருள்களை மதிப்பிடும் சோதனைக் கூடங்களும் இதைக் கண்டுகொள்வதில்லை. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு எளிமை ஆகிய மூன்றுக்கும் தலா 6 புள்ளி தருகிறது; பதிந்த புகாரைத் தீர்க்க எவ்வளவு காலம் எடுத்தார்கள் என்பதற்கு அதில் புள்ளி கிடையாது. அந்தச் சான்றிதழ்தான் பெட்டியின் மேல் அச்சிடப்படுகிறது.

சட்டம் அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 சேவைக் குறைபாட்டை விரிவாகவே வரையறுக்கிறது. வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரை ஏற்று ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கின்றன. ஆயினும் சில ஆயிரம் ரூபாய்ச் சந்தாவுக்காக ஆணையத்தின் படியேறுபவர் எத்தனை பேர் இருப்பார்கள்? ஏறினாலும், இழப்பீடு செலுத்திய சந்தாத் தொகையைத் தாண்டாது என்று உரிம ஒப்பந்தத்தின் எங்கோ ஒரு மூலையில் எழுதியிருக்கும். அதை நியாயமற்ற ஒப்பந்தம் என்று எதிர்க்க மாவட்ட ஆணையத்தில் இடமில்லை, சென்னையில் உள்ள மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். பழுதான பொருளால் நேரும் இழப்புக்கு விற்றவரைப் பொறுப்பாக்கும், பொருள் சார்ந்த பொறுப்பு என்ற பிரிவைக் காட்டலாம் என்றால், அச்சட்டத்தில் பொருள் என்பதன் விளக்கம் திட, திரவ, வாயு நிலையில் உள்ளது என்று பேசுகிறது. இணையத்தில் இறங்கும் மென்பொருள் இந்த மூன்றில் எது என்பதை வழக்கறிஞர்கள்தான் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் இயற்றிய புதிய பொறுப்புடைமை ஆணையில் மென்பொருளும் பொருளே என்று வெளிப்படையாக எழுதிவிட்டது. உறுப்பு நாடுகள் 2026 டிசம்பர் 9-க்குள் அதைத் தம் சட்டமாக்க வேண்டும்.

நான் வேண்டுவது பெரிதாக ஒன்றுமில்லை. விளம்பரத்தில் கூறப்பட்ட பாதுகாப்புப் பகுதி ஒன்று இயங்கவில்லை என்று புகார் பதிவாகி, நிறுவனமும் அதை ஒப்புக்கொண்டால், திருத்தம் வரும்வரையிலான நாட்கள் சந்தாக் காலத்தில் கூட்டித் தரப்பட வேண்டும்; வாடிக்கையாளர் விரும்பாவிட்டால் அந்த அளவுக்குப் பணம் திருப்பித் தரப்பட வேண்டும். அறிந்தும் திருத்தப்படாத பழுதுகளின் பட்டியலை, எப்போது அறிந்தார்கள் என்ற தேதியோடு, புதுப்பிப்புக்குப் பணம் கேட்கும் அதே பக்கத்தில் வெளியிட வேண்டும். பழுதைத் தீர்க்காமல் புகாரை மூடும் வழக்கம் நிற்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் முதல், தானாகப் பணம் பிடிக்கும் முன் 24 மணி நேர முன்னறிவிப்பைக் கட்டாயமாக்கியது போல இதையும் செய்யலாம். அப்போதும் அது நடைமுறைக்கு ஒவ்வாது என்ற குரல்கள் எழத்தான் செய்தன.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் தடைசெய்யப்பட்ட 13 ஏமாற்று உத்திகளுள், எளிதில் விலக முடியாதபடி சிக்கவைக்கும் சந்தாப் பொறியும், சந்தா முறை மென்பொருளுக்கான முறையற்ற வசூலும் ஏற்கெனவே இடம்பெற்றுள்ளன. இயங்காத பாதுகாப்பை இயங்குவதாகப் பச்சைக் குறியிட்டுக் காட்டிப் புதுப்பிப்புப் பணம் வாங்குவதும் அவற்றுள் அடங்கும் என்று ஆணையம் ஒரு விளக்கச் சுற்றறிக்கை வெளியிட்டால், மேலே சொன்னவற்றில் பாதி புதிய சட்டமின்றியே நடந்துவிடும்.

இப்படிக்கு,
வரி ஆலோசகர் ஒருவர்,
ஈரோடு.